பர்னபாவும் இழுப்புண்டான்

எங்கள் சபையின் மினிட்ஸ் நோட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 'மனு பரிசீலிக்கப்பட்டது. அசனத்தை வழக்கம்போல் நடத்தத் தீர்மானிக்கப்பட்டது.' அதை எழுதும்போது எனக்கு வயது 31. கமிட்டிக்குச் செயலராக வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

அசனம் என்றால் என்னவென்று தென் மாவட்டத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சபையின் பண்டிகை நாளில் எல்லாரும் சேர்ந்து உண்கிற விருந்து அது. ஒருவர் அரிசி மூட்டை கொடுப்பார், ஒருவர் தேங்காய், வசதி உள்ளவர் ஆடு. கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் முந்தின நாள் ராத்திரியே அடுப்பு மூட்டிவிடுவார்கள். வடித்த சோற்றைப் பாயில் மலைபோல் கொட்டி வைத்து, ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஜெபம் பண்ணின பிறகு பந்தி தொடங்கும். சோறும் கறிக்குழம்பும்தான். அந்த ருசி வருஷத்தில் மற்ற எந்த நாளிலும் வராது.

ஆனால் எங்கள் ஊரில் 'எல்லாரும்' என்ற சொல்லுக்கு ஒரு எல்லை இருந்தது. கீழத்தெருவில் இருபது வீடுகள். எங்கள் கோயிலில்தான் அவர்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள், எங்களோடுதான் பாடினார்கள், காணிக்கை போட்டார்கள். அசனத்தன்று மட்டும் அவர்களுக்குத் தூக்குவாளிகளில் சோறும் குழம்பும் தெருவுக்கே போய்விடும். சின்ன வயதில் நான் கேட்டதற்கு அம்மா சொன்னது: "அவங்களுக்குக் கூச்சம். அதான் இங்க வர மாட்டாங்க." நானும் நம்பினேன். அளவில் குறை வைத்ததும் கிடையாது. நல்ல கறித்துண்டாகப் பார்த்து அந்த வாளிகளில் அள்ளிப் போடுவது என் பெரியப்பாவின் வழக்கம். அவர் அப்படிக் கொடுப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

அந்த வருஷம் கீழத்தெருவிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கமிட்டிக்கு ஒரு தாள் கொடுத்தனுப்பினார். முழுநீளக் கோடு போட்ட தாள். மொத்தம் ஐந்தாறு வரிதான். அதில் 'அனுமதி' என்ற சொல்லே இல்லை. இந்த ஆண்டு முதல் நாங்களும் பந்தியில் உட்காருவோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம், ஆகவே இலை போதுமான அளவு வாங்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று இருந்தது. கீழே தேதி, கையெழுத்து.

கூட்டத்தில் நான்தான் வாசித்தேன். ஐயர் ஊருக்குப் புதிது. "இதுல யோசிக்க என்ன இருக்கு, இலை வாங்கிடுவோம்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் பகுதிச் சபைகளெல்லாம் சேர்ந்த திருமண்டலத்துக்கு அப்போது தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் பெரியப்பா மெதுவாக ஆரம்பித்தார். "தப்புன்னு நான் சொல்லல ஐயரவாள். திருமண்டலத் தேர்தல் வருது. நம்ம ஆட்கள் ஒத்துமையா நிக்க வேண்டிய நேரம். இப்பப் போயி சபைய ரெண்டாக்க வேண்டாம். அடுத்த வருஷம் நிதானமாப் பாத்துக்கலாம்." கமிட்டியில் கீழத்தெருவுக்கு ஒரு ஆள் உண்டு. எப்போதும் கதவோரத்து நாற்காலியில் உட்காருவார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைத் திறந்து எழுதினேன்.

பயந்து எழுதினேன் என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல. எனக்குப் பதினான்கு வயதில் அப்பா போய்விட்டார். பள்ளிக்கூடம், கல்லூரி, ஹாஸ்டல், கல்யாணம் எல்லாம் பெரியப்பா தோளில்தான். அவர் சொன்ன பேச்சுக்கு மறுபேச்சு பேசுவது நன்றிகெட்டதனம் என்று உடம்பே நம்பிக்கொண்டிருந்தது. அவர்மேல் இருந்த அன்பினால்தான் அந்த வரியை எழுதினேன். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழு விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்கும்போது பதவி ஆசை, பண ஆசை, பயம் என்று நம் கெட்ட குணங்களைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். என்னைப் பிடித்து இழுத்தவை நல்ல குணங்கள். நன்றி, பாசம், பெரியவர்களுக்கு மரியாதை, சமாதானத்தில் விருப்பம்.

அந்த வருஷ அசனத்தன்று வழக்கம்போல் நாலு வாளி கீழத்தெருவுக்குப் போனது. நாலும் திரும்பி வந்தன. ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. கொண்டுபோன பையன்கள் அவற்றைக் கோயில் பக்கவாசல் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் நான் மூடியைத் திறந்து பார்த்தேன். குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. ராத்திரி அதை எங்கே கொட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு ஆராதனையில் நிருப பாடம், அதாவது வேதாகமக் கடிதங்களிலிருந்து ஒரு பகுதி, வாசிக்கிற முறை எனக்கு. அப்போஸ்தலர் பவுல் கலாத்தியருக்கு எழுதினது, இரண்டாம் அதிகாரம். நூறு தடவை கேட்ட பகுதிதான். அந்தியோகியாவில் இயேசுவின் சீடர் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள். வந்ததும் அவர் மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூதரும் அவரோடு சேர்ந்தார்கள். அதற்கடுத்து வருகிறது அந்த வாக்கியம்: 'அவர்களுடைய மாயத்தினாலே பர்னபாவும் இழுப்புண்டான்.' மாயம் என்றால் வெளிவேஷம்.

அந்த 'உம்' என்ற சின்ன ஒட்டில் என் குரல் நின்றுவிட்டது. பர்னபா'வும்'. பவுல் அதை எழுதும்போது அவருக்கு எப்படி வலித்திருக்கும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பர்னபா யார்? தன் நிலத்தை விற்று அப்போஸ்தலர்களின் பாதத்தில் வைத்தவர். ஆறுதலின் மகன் என்று பெயர் வாங்கியவர். அப்போது சவுல் என்று அழைக்கப்பட்ட பவுல் மனந்திரும்பிய புதிதில் எருசலேமில் எல்லாரும் அவரைக் கண்டு பயந்து ஒதுங்கியபோது, கையைப் பிடித்து அழைத்துப் போய் அப்போஸ்தலர்கள் முன் நிறுத்தியவர். பிறகு தர்சு பட்டணத்துக்குத் தேடிப் போய், 'வா' என்று அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்தவரும் அவரே. பவுலுக்கு அவர் பெரியப்பா மாதிரி. அப்படிப்பட்டவர் இலையை விட்டு எழுந்து போகிறார். கெட்டவரானதால் போகவில்லை. ஊரிலிருந்து வந்த சொந்த ஜனங்கள் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பார். இளகிய மனசுக்காரர் வேறு எப்படி நினைப்பார்?

பவுல் என்ன செய்தார்? 'முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்' என்று எழுதுகிறார். எதிர்த்தது பேதுருவை. அதுவும் தனியே கூப்பிட்டு அல்ல, எல்லாருக்கும் முன்பாக. மத்தேயு பதினெட்டில் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல் என்றுதானே இருக்கிறது, இவர் ஏன் சபைநடுவில் பேசினார் என்று எனக்கு ரொம்ப நாள் ஒரு குழப்பம் இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவது இது. பேதுரு எழுந்தது எல்லாரும் பார்க்க நடந்தது. மேசையில் விடப்பட்ட புறஜாதி விசுவாசிகள் அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழாத கண்டிப்பு அவர்களுக்கு எந்த நியாயமும் செய்யாது.

அதன்பிறகு சாப்பாட்டுப் பந்தியும் சபையும் சம்பந்தப்பட்ட வரலாற்றைத் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபை என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. கேப் பகுதியின் சினாடு, அதாவது சபைப் பேரவை, 1829-இல் ஒரு நல்ல முடிவு எடுத்தது. அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து, நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாக என்று. 1857-இல் அதே சினாடு மறுபடி கூடுகிறது. எல்லாரும் ஒரே சபையில் சேர்ந்திருப்பதே வேதத்தின்படி சரியானது என்று முதலில் ஒத்துக்கொள்கிறது. அதே மூச்சில், 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' அது நடக்க முடியாத இடங்களில் தனிக் கட்டடத்தில் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பலவீனர் என்று அவர்கள் சொன்னது வெள்ளையரல்லாத மக்களோடு ஒரே மேசையில் உட்கார மனசில்லாத வெள்ளையரை. அந்தப் பலவீனத்துக்கு இரங்கி விட்டுக்கொடுத்த இடம் 1881-இல் தனிச் சபையாகவே ஆனது. அடுத்த நூற்றாண்டில் ஒரு நாட்டின் சட்டத்துக்கே அது வேத ஆதாரம்போல் ஆகிவிட்டது. 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' என்று வாசித்தபோது, 'நிதானமாப் பாத்துக்கலாம்' என்ற குரல்தான் எனக்குக் கேட்டது.

அந்தச் சபையிலிருந்து வந்தவர்தான் பேயர்ஸ் நோடே. 1915-இல் பிறந்தவர். டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் இனத்தின் நலனுக்காக 1918-இல் தொடங்கிய ப்ரூடர்பாண்ட் என்ற அமைப்பின் நிறுவனர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். பின்னாளில் ரகசிய அமைப்பாகவே இயங்கிய அதில் மகனும் 1940-இல் சேர்ந்தார். அப்பா போதகர், மகனும் போதகர். அந்த வட்டத்துக்குள் இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும், அவருக்கும் திறந்தது. கறுப்பின சபைகளில் ஊழியம் செய்த இளம் போதகர்கள் சிலர் அவரைக் கூட்டிப்போய் அங்கேயுள்ள நிலைமையைக் காட்டினார்கள். அதிலிருந்து அவர் மனசு அரிக்க ஆரம்பித்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அந்த டிசம்பரில் காட்டஸ்லோ என்ற இடத்தில் சபைகள் கூடிப் பேசி, இனப் பாகுபாட்டைக் கேள்வி கேட்கும் ஓர் அறிக்கை எழுதின. நோடேயின் சபைப் பிரதிநிதிகளும் ஒத்துக்கொண்டார்கள். பிரதமர் ஃபெர்வூர்ட் சினம் கொண்டார். சினாடுகள் அந்த அறிக்கையைத் தள்ளிவிட்டன. நோடே தன் சம்மதத்தைத் திரும்பப் பெறவில்லை.

1963-இல் ப்ரூடர்பாண்டை விட்டார். இனங்கள் கடந்த கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுவா, பிரசங்கபீடமா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று சபை சொன்னது. அந்த செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் ஜோஹன்னஸ்பர்க்கில் தன் சொந்தச் சபையார் முன் அவர் எடுத்த வசனம் அப்போஸ்தலர் 5:29. 'மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது.' அப்புறம் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டார். 1977-இல் அரசு அவர்மேல் தடையுத்தரவு போட்டது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது. ஏழு வருஷம், 1984 வரை. நாலு பேர் சேர்ந்து உட்காரும் சாப்பாட்டு மேசையை அந்த மனுஷனிடமிருந்து பறித்துவிட்டார்கள். மேசையைப் பற்றிப் பேசியதற்கு அதுதான் தண்டனை.

அவரை அவருடைய ஜனம் துரோகி என்றது. இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இதையே 'யூதாஸ்' என்பார்கள். நம்ம ஆளே நம்மைக் காட்டிக்கொடுத்தான், யூதாஸ் என்று. ஆனால் யூதாஸ் யாரை யாரிடம் காட்டிக்கொடுத்தான்? நீதிமானாகிய ஒருவரை ஒரு கூட்டத்திடம் காட்டிக்கொடுத்தான். கூட்டத்தின் பக்கம் போனவன் அவன். அந்தக் கூட்டத்தின் தலைவராயிருந்த காய்பா சொன்ன காரணமும் நமக்குத் தெரிந்ததுதான். ஜனங்களெல்லாரும் கெட்டுப்போகாதபடி ஒரே மனுஷன் மரிப்பது நலம். எந்தச் சபைக் கமிட்டியிலும் 'சபை உடைஞ்சுரக் கூடாது' என்று யாராவது சொல்லும்போது, உடையாமல் இருக்க இன்றைக்கு யாரைக் கொடுக்கப் போகிறோம் என்று நான் இப்போது கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரு ஆள் இருக்கிறார். பெரும்பாலும் அவர் கதவோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தமிழ்ச் சபைகளில் சாதி வேறுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் எழுதி அனுப்பியது 1833-இல். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, இளம் மிஷனரிகள் எல்லாரையும் கலந்து உட்கார வைக்க முயன்றபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இதை எழுதவே கை கூசுகிறது. அவர் பாடல்களைப் பாடாமல் எங்கள் வீட்டில் ஒரு மரண வீடும் கடந்ததில்லை. என் அப்பாவின் பெட்டியை மூடும்போதும் அவர் பாடலைத்தான் பாடினோம். ஆண்டவரை அவ்வளவு நேசித்த மனுஷன் மேசை விஷயத்தில் தன் ஜனத்தோடு நின்றார். பாட்டை நான் விடமாட்டேன். அவர் நின்ற பக்கத்தில் நிற்கவும் மாட்டேன். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ளக் கற்றபிறகுதான் பெரியப்பாவிடம் பேசும் தைரியம் எனக்கு வந்தது.

முதலில் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். கீழத்தெருவில் நான் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை, 32 வயதில். சார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சிடுங்க சார், அதை எழுதினது நான்தான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "தெரியும் தம்பி. உங்க கையெழுத்து எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அந்த நோட்டுல திருத்தம் எழுத முடியுமா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே போயிருந்தேன். அவருக்கு என் அழுகை தேவைப்படவில்லை. எழுதினது எழுதின இடத்தில் மாற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின ராத்திரி பெரியப்பா வீட்டுக்குப் போய், நாளைக்கு இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். ஊர் மூலம் தெரிவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. அவர் திட்டவில்லை. "நான் உனக்கு என்னல குறை வச்சேன்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுமில்லை பெரியப்பா என்றேன். உண்மையாகவே ஒன்றுமில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கூட்டத்தில் 13 பேர். என் தீர்மானத்துக்கு நாலு கை உயர்ந்தது. நாலாவது கை கதவோரத்திலிருந்து. தீர்மானம் தோற்றது. போன வருஷத்துத் தேதியையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டு, அன்று எழுதியதற்கு நான் மனம் வருந்துகிறேன் என்றும், இன்றைய முடிவுக்கு நான் உடன்படவில்லை என்றும் என் பெயரோடு பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டேன். செயலர் நான்தான். ஆகவே நானே எழுதினேன். வாசித்துக் காட்டியதும் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரியப்பா மூன்றாவதாகப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை. என் மகளின் ஞானஸ்நானத்துக்கும் வரவில்லை. இது ஆறியதாக நான் சொல்ல மாட்டேன், ஆறவில்லை.

அந்த வருஷ அசனத்துக்குக் கீழத்தெருவிலிருந்து எட்டுக் குடும்பங்கள் வந்தன. யாரிடமும் கேட்கவில்லை. முதல் பந்தியிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். இலைக்கட்டைச் சாரே அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். எதிர் வரிசையில் ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். நான் சாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எனக்கும் ஒரு இலை போட்டார்.

சோற்று வாளி பெரியப்பா கையில் இருந்தது. வரிசையின் அந்தக் கோடியிலிருந்து குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டு வந்தார். கீழத்தெருக்காரர்களின் முதல் இலைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அகப்பையை இறக்கினார். அடுத்த இலைக்கும் போட்டார். சாருக்கும் போட்டார், எப்போதும்போல் நிறைய. என் இலை வந்ததும் தாண்டிப் போய்விட்டார்.

சார் தன் இலையைப் பார்த்தார். என் இலையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலேயே குழம்பு வந்தது, அவர் இலையில் ஊற்றினார்கள், ஆவி பறந்தது. அடுத்த வாளிக்காரன் வந்து எனக்குச் சோறு போடுகிறவரை அவர் தன் சோற்றில் கை வைக்கவில்லை.